மூச்சு வாங்காத பாட்டு

அத்தியாயம் 7

கைப்பிடி கதவை விட்டுவிட்டு, இரும்பு என்று பேரெடுத்த பாட்டுக்காரியின் கையோடு வந்துவிட்டது.

"அதைக் கதவுலயே விட்டிருக்கலாம்," என்றாள் நாத்தனார்.

யாரும் சிரிக்கவில்லை. அது பாட்டுப் பதிவு செய்யும் அறை. சுவர் முழுக்கப் பஞ்சுத் திண்டு. கதவு ஒரு சாண் கனம். வெளியே இடி விழுந்தால் உள்ளே கேட்காது, உள்ளே கொலை விழுந்தால் வெளியே கேட்காது. பதிவில் இரையும் என்று ஏ.சி.யை அணைத்திருந்தார்கள், அதன் சுவிட்ச் வெளியே. போன் நடுவில் கத்தும் என்று எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம், கூடையும் வெளியே. ஒலிப்பதிவாளர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பாட்டை அவசரப்படுத்துகிற மனிதர் இல்லை என்பதற்கு அவர் வயிறே சாட்சி.

அறைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் காலி நாற்காலியும், விளக்கு மினுக்கும் இயந்திரங்களும், அந்தக் கூடையும் தெரிந்தன. கூடைக்குள் ஒரு போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. சத்தமில்லாமல் அழைக்கிற போனைப் பார்ப்பது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரத்தைப் பசியோடு பார்ப்பது மாதிரி.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் நான்கு பெண்கள்.

ஒருத்தி அண்ணி. துப்பறிவாளர். ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, புடவை மடிப்பைப் பார்த்தே வாங்க வந்தவளா, வேடிக்கை பார்க்க வந்தவளா என்று சொல்லிப் பழகியவள். அவள் அப்பா கல்லாவில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: விலையைச் சொல், சொல்லிவிட்டு வாயை மூடு; அதற்குப் பிறகு முதலில் வாயைத் திறப்பவர் தோற்றார். அண்ணி விசாரணையையும் அப்படித்தான் நடத்துவாள். கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். முக்கால்வாசிப் பேர் அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமலேயே உண்மையைக் கொட்டிவிடுவார்கள்.

இன்னொருத்தி நாத்தனார். அண்ணியின் புருஷனுக்குத் தங்கை, அண்ணிக்கு உதவியாளர். உனக்கு இந்த வேலைக்கு என்ன தகுதி என்று கேட்டபோது, "நீங்க கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து உங்களைத்தானே வேவு பார்த்துட்டிருக்கேன்" என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள்.

மற்ற இருவரும் பாட்டுக்காரிகள். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிட்டாரை மீட்டிப் பாடுகிறவர்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவள் மைனா. யாருக்கும் வளைந்து கொடுக்காதவள் இரும்பு. பத்து வருஷம் ஜோடியாக ஒரே மேடையில் நின்றவர்கள், இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் பார்த்தால் எதிர்ப் பக்க நடைபாதைக்கு மாறுகிறவர்கள்.

வழக்கு இதுதான். யாருக்கும் பாடிக் காட்டாமல் மைனா ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். போன வாரம் காப்பிக்கடைக் கீழ்த்தளத்து மேடையில் இரும்பு அதே பாட்டைத் தன் பாட்டு என்று பாடிவிட்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்தார். பாட்டும் குரலும் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. இன்று நாலு மணிக்கு வந்து பதிவைக் கேட்டுவிட்டு இரும்போடு ஒப்பந்தம் போடப் போகிறார். அதற்குள் பாட்டு யாருடையது என்று சொல்லியாக வேண்டும் என்று மைனா அண்ணியைப் பிடித்திருந்தாள். கம்பெனிக்காரர் கையெழுத்து வாங்கிவிட்டால் பாட்டு இரும்பின் பெயருக்குப் போய்விடும். பிறகு மைனா தன் பாட்டைத் தானே பாடினாலும் அவள்தான் திருடி.

எதிரொலி இல்லாத அறையில் இருவரையும் பாட வைத்துக் கேட்க வேண்டும் என்று அண்ணிதான் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டிருந்தாள். கடைசியாக வந்த இரும்பு கதவைச் சாத்தினாள். ஏதோ எடுக்க மறந்தவள் போலத் திரும்பத் திறக்கப் போனாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

நாத்தனார் முட்டி போட்டுக் கதவின் ஓட்டைக்குள் பார்த்தாள். இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கோக்கிற விரல் நீளச் சதுரக் கம்பியைக் காணோம். அந்தப் பக்கமாக விழுந்திருக்கும் என்றாள். அது இல்லாமல் இந்தக் கதவை உள்ளேயிருந்தும் திறக்க முடியாது, வெளியேயிருந்தும் திறக்க முடியாது.

மைனா கதவைக் கையால் அடித்தாள். பஞ்சுத் திண்டு அந்த அடியை வாங்கி விழுங்கிவிட்டது. இங்கே காற்று எவ்வளவு நேரத்துக்கு வரும், ஒலிப்பதிவாளர் வீட்டுக்கே போய்விட்டால் என்ன ஆகும், நாலு மணிக்கு வருகிறவன் என்ன நினைப்பான் என்று மூச்சு விடாமல் பொரிந்தாள். நாத்தனார் காலையில் குடித்த காப்பியை நினைத்து வருத்தப்பட ஆரம்பித்திருந்தாள். இரும்பு மட்டும் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை ஒரு மிடறு குடித்து மூடி வைத்தாள்.

"பூட்டின கடையிலதான் பேரம் நல்லாப் படியும்," என்றாள் அண்ணி. "மாட்டினது மாட்டியாச்சு, வந்த வேலையைப் பாப்போம். மைனா, பாடும்மா."

மைனா கிட்டாரை எடுத்துப் பாடினாள்.

*குடையை விட்டு வந்தேன்,*
*மறந்து இல்லை,*
*திரும்பி வர*
*ஒரு சாக்கு.*

நல்ல குரல். நீளமான குரல். ஆனால் பாட்டு அவளிடம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான்கு வரியையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிற தொண்டைக்கு, ஒவ்வொரு வரி முடிவிலும் பாட்டு ஓர் இடைவெளி விட்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய வண்டி தெருவுக்குத் தெரு நின்று போவது போலிருந்தது.

அடுத்து இரும்பு. விரல் நகம் உடைந்திருக்கிறது, வாசிக்க முடியாது என்று சொல்லித் தன் கிட்டாரை உறையிலேயே விட்டுவிட்டு வெறும் குரலில் பாடினாள். சின்ன வயதிலிருந்து மூச்சிரைப்பு உள்ளவள். சட்டைப் பையில் எப்போதும் மூச்சு மருந்து இருக்கும். ஆனால் இந்தப் பாட்டில் அவள் எங்கே மூச்சு எடுக்க வேண்டுமோ சரியாக அங்கே ஓர் இடம் காத்திருந்தது. குரல் எவ்வளவு உயரம் எட்டுமோ அந்த உயரத்தோடு மெட்டு நின்றது.

நாத்தனார் அண்ணியின் காதைக் கடித்தாள். "அண்ணி, நம்ம கட்சிக்காரி பொய் சொல்றா. சட்டை யாருக்குப் பொருந்துதோ அவளுக்குத் தச்சதுதான். இவளுக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கு. அவளுக்குத் தொளதொளன்னு தொங்குது."

"யாருக்குத் தச்சதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன்," என்றாள் அண்ணி. "யார் தச்சதுன்னு சொல்லாத."

நாத்தனாருக்கு வித்தியாசம் புரியவில்லை. வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சுச் சுவர்கள் நாலு பக்கமும் ஓர் அடி நெருங்கி வந்துவிட்டாற்போலிருந்தது. யாராவது இருமினால்கூட அந்த இருமல் அங்கேயே செத்து விழுந்தது.

அப்போதுதான் கண்ணாடிக்கு அப்பால் கம்பெனிக்காரர் வந்தார். காத்திருக்கிற வம்சத்தில் பிறந்தவர் இல்லை. வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம்தான் மனிதர்களைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஏதோ கேட்டார். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மைனாவும் கத்தினாள். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே பேசுவதற்கென்று அந்தப் பக்கம் ஒரு பொத்தான் உண்டு. எது என்று அவருக்குத் தெரியாது. நான்கைந்தை அழுத்திப் பார்த்தார். அறையின் விளக்கு அணைந்து எரிந்தது, அவ்வளவுதான். பிறகு கதவுக்குப் போயிருக்க வேண்டும். வெளிக் கைப்பிடி சும்மா சுற்றுவது ஓட்டை வழியே தெரிந்தது.

நாத்தனார் கண்ணாடி முன்னால் நின்று ஊமைக்கூத்து ஆடினாள். கைப்பிடி கழன்றது, கம்பி கீழே விழுந்தது, குனிந்து தேடுங்கள். முதலில் அவர் அவளுக்கு வயிற்றுவலி என்று நினைத்தார். அதுவும் முழுப் பொய் இல்லை. அப்புறம் புரிந்துகொண்டு கதவடியில் போனின் விளக்கை அடித்துத் தேடிவிட்டு வந்தார். இரண்டு கையையும் விரித்தார். ஒன்றும் இல்லை. கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் பார்ப்பேன், அப்புறம் போய்க்கொண்டே இருப்பேன்.

"வெளிய விழலைன்னா," என்றாள் அண்ணி, "கம்பி உள்ளதான் இருக்கு. தானா நடந்து போயிருக்காது."

நாத்தனார் உடனே மைனா பக்கம் திரும்பினாள். கதவு திறக்காவிட்டால் யாருக்கு லாபம்? கம்பெனிக்காரர் கோபித்துக்கொண்டு போனால் யாருக்குக் கொண்டாட்டம்? மைனாவுக்குத்தான். இதை நாத்தனார் நாசூக்காகச் சொல்லவில்லை. சந்தைக் கடையில் அழுகின தக்காளியைத் திருப்பிக் கொடுக்கிற தொனியில் சொன்னாள். மைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் பையை அப்படியே தலைகீழாகத் தரையில் கொட்டினாள். சீப்பு, தொண்டை மாத்திரை, சாவி, ஒரு பிரிக்காத சின்ன உறை. கம்பி இல்லை.

"இந்த உறைல என்ன?" என்றாள் நாத்தனார், விடாமல்.

"கிட்டார் தந்தி. புது செட்டு. இன்னிக்குப் பதிவுன்னு ஆனா, போட்ட தந்தில ஒண்ணு அறுந்தா மாத்தணுமேன்னு. நான் நேத்தே புதுசு போட்டுட்டேன். பதிவுக்கு வர்ற எந்தப் பைத்தியமும் பழைய தந்தியோட வரமாட்டா. செத்த சத்தமா விழும்."

அண்ணி எழுந்தாள். மூலைக்குப் போய் இரும்பின் கிட்டார் உறையின் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே தந்திகள் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துத் துரு ஏறிக் கிடந்தன.

"உனக்குத்தான் இன்னிக்குப் பதிவு," என்றாள் இரும்பிடம். "தந்தி மாத்தலையா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அறையில் மௌனத்துக்கு எடை அதிகம். அவரவர் ரத்தம் ஓடுவது அவரவர் காதிலேயே கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் கம்பெனிக்காரர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"மறந்துட்டேன்," என்றாள் இரும்பு கடைசியில்.

"சரி, அதை விடு. உன்னோட பழைய பாட்டு ஒண்ணு பாடு. நீயே கட்டினது. எதுவா இருந்தாலும் பரவால்ல."

தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். இரண்டு வரி பாறையாக நின்றது. மூன்றாவது வரி மேலே ஏறியது, ஏறிக்கொண்டே போனது, தன் பையில் இருக்கிற காசை மீறி விலை கேட்பவளைப் போல. நடுவில் மூச்சு தீர்ந்தது. குரல் கழன்று விழப்போன அந்தக் கணத்தில், தரையில் சீப்பும் சாவியும் பொறுக்கிக்கொண்டிருந்த மைனா, தலையைக்கூட நிமிர்த்தாமல், வரியின் மிச்சத்தைத் தன் குரலில் எடுத்துப் பாடி முடித்தாள்.

பாடின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சாவிக்கொத்து கையில் அப்படியே நின்றது. இரும்பு அவளைப் பார்க்கவில்லை.

"இப்பச் சொல்லு," என்றாள் அண்ணி நாத்தனாரிடம். "இவ தனக்குத் தானே தச்சுக்கிட்டா எப்பவும் எங்கயாவது ஒரு இடத்துல பிடிக்குது. பேராசைக்காரி, மூச்சை மீறித்தான் கட்டுவா. அந்தக் குடைப் பாட்டுல ஒரு இடத்துலயும் பிடிக்கல. அளவு தெரிஞ்ச வேற ஒருத்தி தச்ச சட்டை அது. இவ எங்க திணறுவான்னு பத்து வருஷம் பக்கத்துல நின்னு கேட்டவ."

மைனாவின் முகம் சிவந்தது. திருட்டுக் கொடுத்தவளுக்கு ஏன் முகம் சிவக்க வேண்டும் என்று நாத்தனார் யோசிப்பதற்குள், அண்ணி இரும்பின் கிட்டாரை உறையிலிருந்து உருவி எடுத்து, வயிற்றுப் பக்கம் கீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாள். நடுத் துளைக்குள் விழுந்த, தந்தி மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையை எடுக்க எல்லா கிட்டார்க்காரர்களும் செய்கிற அதே குலுக்கல். உள்ளே ஏதோ கடகடத்தது. விழுந்தது பிளாஸ்டிக் வில்லை இல்லை. விரல் நீளச் சதுரக் கம்பி.

"நகம் உடையல," என்றாள் அண்ணி. "கைப்பிடியோட கம்பியையும் உருவி, நாம கதவைப் பாத்துட்டிருந்தப்ப கிட்டாருக்குள்ள போட்டிருக்கா. வாசிச்சா இது சத்தம் போடும். காத்தில்லாத அறைல மூச்சுக்காரி பதறாம உக்காந்திருந்தப்பவே எனக்குச் சந்தேகம். கதவைத் திறக்கிற வழி தன்கிட்ட இருக்கறவதான் அப்படி உக்காருவா."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். கதவு திறந்தால் ஒப்பந்தம், பேர், இசைத்தட்டு எல்லாம் கிடைக்கப் போகிறவள், எதற்குத் தன்னைத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும்?

அண்ணி கேட்கவில்லை. கம்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

இரும்பு ரொம்ப நேரம் தாங்கவில்லை. போன மாதம் காய்ச்சல், வீடு வரை நடக்க முடியாமல் அந்தக் காப்பிக்கடை மாடியில் இருக்கும் பயிற்சி அறையிலேயே படுத்துவிட்டதாகச் சொன்னாள். பாட்டுக்காரர்கள் எல்லாரும் வாடகைக்கு எடுக்கிற அறைகள் அவை. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தூங்கி எழுந்தபோது ஒரு பாட்டு வாயில் இருந்தது. மெட்டும் சொல்லும் சேர்ந்தே இருந்தது. தனக்கே உதித்தது என்று சத்தியமாக நினைத்தாள். பாட்டுக் கட்டுகிற யாருக்கும் அப்படி ஒரு விடியல் வாழ்க்கையில் ஒருமுறையாவது வரும். வந்தால் யாரும் விலாசம் கேட்பதில்லை.

"மேடைல பாடி முடிச்சேன் மேடம். எல்லாரும் கைதட்டறாங்க. எனக்கு மூச்சு மிச்சம் இருக்கு. எந்தப் பாட்டு முடிஞ்சும் எனக்கு மூச்சு மிச்சம் இருந்ததில்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது நான் கட்டினது இல்லன்னு. யார் கட்டினதுன்னும் தெரிஞ்சுது. மறுநாள் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவ கடை நிறைய ஆள் முன்னாடி என்னைத் திருடின்னுட்டா. அதுக்கப்புறம் சொன்னா, பிடிபட்டுட்டு ஒத்துக்கற மாதிரி ஆயிடும். சொல்லாம கையெழுத்துப் போட்டா நிஜமாவே திருடிதான். அந்த ஆள் காத்திருந்து பாத்துட்டுப் போயிட்டா ரெண்டும் இல்லாம போயிடும்னு நினைச்சேன்."

ஒரு பக்கம் திருடிப் பட்டம், இன்னொரு பக்கம் திருட்டு. இரண்டுக்கும் நடுவில் அவள் இந்தக் கதவு சாத்துவதற்கு முன்பிருந்தே பூட்டிக் கிடந்தாள்.

அண்ணி மெல்ல மைனா பக்கம் திரும்பினாள். யாருக்கும் பாடிக் காட்டாத பாட்டு என்றாயே, அதை எதற்கு இவள் மூச்சுக்கு அளந்து கட்டினாய் என்று கேட்டாள். மைனா பொரிந்து தள்ளவில்லை; அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பாதி வாக்குமூலம். அன்றைக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் அந்தப் பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். இரண்டு வருஷம் முன்னால் தன் வீட்டில் நடந்த ஒரு சண்டையில், உன் மூச்சுக்கு நான் எத்தனை நாள் முட்டுக் கொடுப்பது என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். இரும்பு அன்றைக்கே எழுந்து போனவள்தான். முட்டே தேவைப்படாத ஒரு பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்தால் கேட்டதற்கு அதுவே பதிலாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

"கொடுக்கணும்னு கட்டி வச்சேன். அதுக்குள்ள இவ மேடைல பாடறா. கொடுக்க வச்சிருந்ததை எடுத்துட்டுப் போயிட்டா கொடுக்க வந்தவ என்னக்கா பண்ணுவா? உனக்குத்தான்டி கட்டினேன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. திருடின்னு சொல்ல சுலபமா வந்துது."

இரும்பு முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் குடை உன் வீட்லயா இருக்கு?"

"கதவுக்குப் பின்னாடி. அன்னிக்கு நீ மாட்டினது மாட்டின மேனிக்கு."

"நான் நிஜமாவே மறந்துட்டுதான்டி வந்தேன்."

"தெரியும். பாட்டுல கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

கண்ணாடிக்கு அப்பால் கம்பெனிக்காரர் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். இந்தப் பக்கம் நடந்தது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நாலு பெண்கள் வேலை இல்லாமல் நிற்பது மட்டும் தெரிந்தது. நாத்தனார் கையை ஆட்டி அவரை நிறுத்தினாள். அண்ணி கம்பியைக் கதவின் ஓட்டையில் செருகி, கைப்பிடியை மாட்டி, திருப்பாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். திறக்க வேண்டிய ஆள் அவள் இல்லை என்பது போல.

மைனா அவசரமாகக் கிசுகிசுத்தாள். கிசுகிசுக்கத் தேவையே இல்லாத அறை அது. "உன் பாட்டுன்னே சொல்லிடுடி. கொடுத்தாச்சுன்னு வச்சுக்க. எனக்கு அது பொருந்தவும் இல்ல. அந்த ஆளுக்குப் பாட்டும் குரலும் ஒருத்தியோடதா இருக்கணும்."

"அப்படிச் சொன்னா இந்த அறைலேர்ந்து நான் வெளியவே வரமாட்டேன்டி," என்றாள் இரும்பு. அண்ணியின் கைமேல் கை வைத்துக் கைப்பிடியைத் திருப்பினாள்.

வெளிக்காற்று குளிர்ந்த தண்ணீர் மாதிரி முகத்தில் அடித்தது. சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது: கூடைக்குள் போன், தெருவில் வண்டி, கம்பெனிக்காரரின் வாய். இது என்ன தொழில் ஒழுங்கு, தான் யார் தெரியுமா, பதிவு எங்கே, பாட்டு யாருடையது என்று ஏதோ வதந்தி வேறு காதில் விழுகிறதே என்று அடுக்கினார்.

இரும்பு அவர் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தாள்.

"பாட்டு இவளோடது. குரல் என்னோடது. சேர்த்துதான் கொடுக்கறது, பிரிச்சுக் கொடுக்கறதில்ல. வேணும்னா ரெண்டையும் எடுத்துக்குங்க. வேண்டாம்னா ரெண்டையும் விட்டுடுங்க."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மைனா ஏதோ சேர்க்க வாயெடுத்தாள். அண்ணி அவள் புறங்கையை அழுத்தினாள். அவளும் நிறுத்திக்கொண்டாள். காப்பியால் துடித்துக்கொண்டிருந்த நாத்தனார்கூட, கழிப்பறைக்குப் போகிற வழியில் அப்படியே ஒரு காலில் நின்றாள்.

கம்பெனிக்காரர் இரும்பைப் பார்த்தார். மைனாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் வாயைத் திறந்தது அவர்தான்.